மல்லாட்டை விலையை முடிவு செய்வது யார்?

மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பகுதி உழவர்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்றே அழைக்கின்றனர். மணிலாக் கொட்டை என்ற பெயர் பேச்சுவழக்கில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பயிரின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் சென்றது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் மானாவாரிச் செம்மண் நிலங்களில் இப்பயிர் இவ்வளவு பரவியதற்கு அந்த வாணிபம் ஒரு பெரிய காரணம். ஆகவே, மல்லாட்டை விலை உள்ளூர்ச் சந்தையோடு முடிந்துவிடும் காரியமாக என்றுமே இருந்ததில்லை.

இன்றைக்கும் அப்படித்தான். மார்செய் போய்விட்டது; அதன் இடத்தில் ஜகார்த்தாவும் கோலாலம்பூரும் வந்திருக்கின்றன. புதுடில்லியில் ஒரு மாலையில் வெளியிடப்படும் சுங்கவரி அறிவிப்பு, சில நாட்களில் செங்கற்பட்டு மாவட்டக் களத்துமேட்டில் மூட்டை விலையாக வந்து நிற்கிறது. மழை எப்போது வரும் என்று கணிக்கப் பழகிய உழவருக்கு, வரி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணிக்க வழியில்லை. அந்த வழி ஏற்பட்டாக வேண்டும்.

நாட்டின் அயல்நாட்டு வாணிபம் பற்றிச் செய்தித்தாள்களில் வரும் கணக்குகள் பெரும்பாலும் கோடி டாலர்களில் இருக்கும். 2024-25-ஆம் நிதியாண்டில் இந்தியா மிக அதிகமாக ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்கா. ஏறத்தாழ 8,650 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு அங்கே சென்றது. மிக அதிகமாக இறக்குமதி செய்தது சீனாவிலிருந்து; அது ஏறத்தாழ 11,350 கோடி டாலர். ரஷ்யா, ஐக்கிய அரபு நாடுகள், சவுதி அரேபியா ஆகியவற்றிலிருந்து வருவதில் பெரும்பகுதி கச்சா எண்ணெய். தங்கம், மின்னணுப் பொருட்கள், இயந்திரங்கள், மருந்துகள் என்று பட்டியல் நீளும். ஓர் ஏக்கர் நிலம் வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டியலில் தம் பங்கு எங்கே என்று தெரியாமல் போவது இயல்பே.

ஆனால் அவர் வயலில் நின்று பார்த்தால் பாதி உலகம் தெரியும். அடியுரமாக இடும் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று எங்கிருந்தாவது கப்பலில் வர வேண்டும். டி.ஏ.பி. உரமும் அதற்கான மூலப்பொருளும் சவுதி அரேபியா, மொராக்கோ, சீனா போன்ற நாடுகளை நம்பியுள்ளன. யூரியா உள்நாட்டில் தயாராகிறது என்றாலும், மணலி உரத் தொழிற்சாலை 2019 முதல் எண்ணூர் முனையத்தில் இறங்கும் திரவ எரிவாயுவைக் கொண்டுதான் ஓடுகிறது. நெல் அறுத்த ஈரத்தில் விதைக்கும் உளுந்துக்குப் போட்டி பர்மா உளுந்து. நெல்லுக்கும் இதே கதை உண்டு. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2024 செப்டம்பர் 28 வரை அந்தத் தடை நீடித்தது. நெல்லுக்காவது அரசு கொள்முதல் நிலையம் என்ற ஊன்றுகோல் இருக்கிறது. மல்லாட்டைக்கு அந்த ஊன்றுகோல் வலுவாக இல்லை. அதனால்தான் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாமாயில் வந்த வழி

1986-இல் மத்திய அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல விதை, ஜிப்சம், கட்டுப்படியாகும் விலை, இறக்குமதிக்குக் கடிவாளம் ஆகியவை ஒரே சமயத்தில் கிடைத்ததால், 1990-களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறைய தன்னிறைவை எட்டியது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் செங்கற்பட்டு மாவட்டத்து வீடுகளில் விதைப்பானை தோறும் இருந்த காலம் அது. பின்னர் 1994-இல் பாமோலின் இறக்குமதி 65 விழுக்காடு வரியுடன் தாராளமாக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அந்த வரி 15 விழுக்காடாக இறங்கியது. அதன் விளைவு கண்கூடு. இன்று நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து பாமாயில். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து சோயா எண்ணெய். ரஷ்யா, உக்ரைனிலிருந்து சூரியகாந்தி எண்ணெய். உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் பிற நாட்டுச் சரக்கு.

பாமாயில் ஏன் இவ்வளவு மலிவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏக்கருக்கு 800 கிலோ காய் எடுக்கும் உழவர், உடைத்தால் ஏறத்தாழ 560 கிலோ பருப்பு பெறுவார். அதைச் செக்கில் ஆட்டினால் கிடைக்கும் எண்ணெய் 250 கிலோவை எட்டுவதே அரிது. நன்கு பராமரிக்கப்படும் எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஒன்று ஏக்கருக்கு ஓர் ஆண்டில் 1,400 கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் தரும். நிலக்கடலை உழவர் சோம்பேறி என்பதல்ல இதன் பொருள். நூற்றைந்து நாள் செடியும் ஆண்டு முழுதும் குலை தள்ளும் மரமும் ஒரே பந்தயத்தில் ஓடவிடப்பட்டுள்ளன.

2007 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பாமோலின் சலுகை விலையில் வழங்கப்படுகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்வது நியாயமன்று. எனினும், களத்தில் மல்லாட்டையை மூட்டை கட்டி வியாபாரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் அதே குடும்பத்துப் பெண்மணி கடை வரிசையில் நின்று இந்தோனேசிய எண்ணெய்ப் பாக்கெட் வாங்குவதைப் பார்க்கும்போது, இதில் ஏதோ ஒரு கணக்கு பிசகியிருப்பது தெரிகிறது. நியாயவிலைக் கடைகளில் உள்நாட்டுக் கடலை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் ஓரளவாவது சேர்த்து வழங்க வேண்டும் என்று உழவர் அமைப்புகள் பலமுறை கேட்டுள்ளன. முழுவதும் மாற்ற வேண்டாம். அறுவடை முடிந்த இரண்டு மாதங்களுக்கு, விளையும் மாவட்டங்களில் மட்டும் செய்து பார்த்தால்கூடப் போதும்.

பாமாயிலை அடியோடு நிறுத்த வேண்டும் என்று கூறுவோரும் உண்டு. அது நடவாத காரியம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியாவே தன் பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 அன்று விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட சில வாரங்களுக்குள் இங்கே எண்ணெய் விலையைப் பற்றி எழுந்த பதற்றம் மறந்திருக்காது. 160 லட்சம் டன் எண்ணெயை ஒரே ஆண்டில் விளைவிக்கும் நிலமும் நீரும் இல்லை. கேட்க வேண்டியது வேறு: வரி எவ்வளவு என்பதைவிட, அது எப்போது மாறுகிறது என்பதுதான் உழவருக்கு முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்கவரி பூச்சியத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எண்ணெய் வித்து விளைவிப்போருக்கு ஆதரவான முடிவு அது. அந்தச் செய்தியை நம்பி, கிணற்றில் நீர் இருந்தவர்கள் மார்கழிப் பட்டத்தில் விதைத்திருப்பார்கள். மார்கழி விதைப்பு சித்திரையில் களத்துக்கு வரும். நல்ல விலைக்காகக் கொஞ்சம் காய வைத்துக் காத்திருந்தவர் வைகாசியில் விற்கப் போவார். 2025 மே 30 அன்று, அதாவது வைகாசி நடுவில், அதே வரி 20-லிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நுகர்வோருக்கு விலை குறைய வேண்டும் என்பதே நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் விதைக்கும்போது ஒரு வரி, விற்கும்போது பாதி வரி என்றால், இடையில் இருந்த நட்டம் யார் தலையில் விழுகிறது? கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால் 800 கிலோ எடுத்தவருக்கு ஏக்கருக்கு 8,000 ரூபாய் போயிற்று. உரம், கூலி, காய் ஆயும் செலவு எதுவும் அவருக்காக இறங்குவதில்லை.

ஆசியான் நாடுகளுடன் 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படிகூட, கச்சா பாமாயிலுக்கு 37.5 விழுக்காடு வரை வரி விதிக்க இந்தியாவுக்கு இடம் உண்டு. எனவே கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்ற வாதம் பொருந்தாது. ஆனி விதைப்புக்கும் மார்கழி விதைப்புக்கும் முன்பாக, அந்தப் பட்டத்தின் அறுவடை விற்று முடியும் வரை வரி இந்த அளவுக்குக் கீழே இறங்காது என்று ஓர் உறுதிமொழி அறிவிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஓர் உறுதிமொழி கொடுப்பது எந்த அரசுக்கும் முடியாத செயலன்று. குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த விலையில் வாங்குவார் இல்லாத சந்தையில் அறிவிப்பு வெறும் தாளாகவே இருக்கும்.

ஒரே நாடு, இரண்டு முகம்

இந்தோனேசியா எண்ணெய் விற்கும் நாடு மட்டுமன்று. இந்திய நிலக்கடலைப் பருப்பை வாங்கும் முதன்மையான நாடுகளிலும் அது ஒன்று. அங்கே வறுவலுக்கும், சாத்தே எனப்படும் சுட்ட இறைச்சியுடன் சேரும் கடலைச் சாற்றுக்கும் பருப்பு வேண்டும். எண்ணெய்க்குப் பிழியும் கடலையைவிட உண்ணும் கடலைக்கு விலை கூடுதல். ஆகையால் பாமாயிலோடு போட்டியிட முடியாத மல்லாட்டைக்கு, உண்ணும் கடலை வாணிபமே தப்பிக்கும் வழி. வியட்நாம், மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளும் வாங்குகின்றன. மணிலாவின் பெயரைத் தாங்கிய கொட்டை மணிலாவுக்கே போவதும் ஒரு வேடிக்கைதான்.

2025 செப்டம்பர் 3 முதல் இந்தோனேசியா இந்திய நிலக்கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. காரணம், பருப்பில் அப்ளாடாக்சின் என்னும் பூசண நச்சு வரம்புக்கு மேல் காணப்பட்டது. ஆனிப் பட்டத்து மல்லாட்டை நிலத்திலிருந்து வரவிருந்த நேரம். சுங்கவரியைப் பற்றி உழவர் எதுவும் செய்ய இயலாது. இந்த நச்சைப் பற்றி அவரால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எனவே இதைப் புரிந்துகொள்வது நல்லது.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. முதலில் காரணம் விளங்கவில்லை. பிறகு பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் சுரந்த நச்சே காரணம் என்று கண்டறிந்தனர். அதுவே அப்ளாடாக்சின். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். ஐரோப்பிய நாடுகள் நேரடியாக உண்ணும் கடலையில் நூறு கோடியில் 4 பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று விதித்துள்ளன. கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத ஒன்று ஒரு கப்பல் சரக்கையே திருப்பி அனுப்பிவிடும்.

பூசணம் நிலத்திலேயே இருக்கிறது. காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால் செடியின் எதிர்ப்பு குறைந்து பூசணம் பருப்புக்குள் புகும். ஒரு முறையாவது உயிர்த் தண்ணீர் விட்டால் பெரிதும் காக்கலாம். 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால் ஓடு கெட்டியாகிப் பூசணத்துக்கு வாசல் அடைபடும். கரையானும் காய்த் துளைப்பான்களும் ஓட்டைத் துளைத்த காயைத் தனியே பிரித்துவிட வேண்டும். அதை விதைக்கும் வைக்கக் கூடாது, தின்னவும் கூடாது.

பெரிய ஆபத்து அறுவடைக்குப் பின்தான். ஆனியில் விதைத்தது புரட்டாசிக் கடைசியில், ஐப்பசியில் வெளியே வரும். செங்கற்பட்டுக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை வரும் சமயமும் அதுவே. பிடுங்கிய காயில் 35 முதல் 40 விழுக்காடு ஈரம் இருக்கும். அதை எட்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவர நான்கைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். செடியைக் குவியலாகப் போட்டால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். காய் மேலே தெரியும்படி வேரைத் திருப்பி வரிசையாகப் பரப்ப வேண்டும். ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் மெல்லிதாகப் பரப்பி, மாலையில் மூடி, காலையில் திறக்க வேண்டும். காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். இதெல்லாம் பாட்டன் காலத்து அறிவுதான். ஆனால் காய் ஆய ஆள் கிடைக்காத அவசரத்தில், ஈரக் காயையே மூட்டை கட்டி விற்றுவிடும் பழக்கம் வந்துவிட்டது.

பழி முழுவதையும் உழவர் தலையில் கட்டுவதும் முறையன்று. இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு பிளவுபடாமல் இருக்க, காய்ந்த காயின்மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உடைப்புக் கூடங்களில் உண்டு. நான்கு நாள் வெயிலில் உழவர் போக்கிய ஈரம் நான்கு நிமிடத்தில் திரும்பிவிடுகிறது. எடையும் கூடுகிறது என்பதால் இதைத் தடுப்பாரும் இல்லை. சரக்கு ஜகார்த்தாவில் நிராகரிக்கப்பட்டால் செய்தித்தாளில் வருவது இந்திய நிலக்கடலை என்ற பெயர்தான். தண்ணீர் தெளித்த கூடத்தின் பெயர் வராது. விலை இறங்கும்போது முதலில் இறங்குவது மதுராந்தகத்து மூட்டையின் விலை.

கடலோரத்தில் இதே கதை

மல்லாட்டைக் கொல்லையிலிருந்து கிழக்கே சில மைல் போனால் மாமல்லபுரம் கடற்கரை. அயல்நாட்டு வாணிபம் இந்தக் கரைக்குப் புதிதன்று. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் ரோமானியர் மது கொண்டுவந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்ற துறையில் மேற்கிலிருந்து குதிரைகளும் வடக்கிலிருந்து பிற பொருள்களும் கப்பலில் வந்து இறங்கின. அத்துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உள்ளனர். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இப்பகுதித் துணியை ஏற்றுமதி செய்தனர். வாங்குபவர் போனதும் துறை ஓய்ந்தது. கல்பாக்கத்துக்கு அருகே கோட்டைச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

இன்றைய கடலோரத்துச் சரக்கு இறால். 2009-இல் வெள்ளை இறால் எனப்படும் வன்னாமி இனத்தை வளர்க்க அனுமதி வந்த பின், நாட்டின் இறால் உற்பத்தி தலைகீழாக மாறிற்று. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் குஞ்சு பொரிப்பகங்கள் உள்ளன. இவற்றின் கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தாய் இறால் அமெரிக்காவின் ஹவாய், புளோரிடா பகுதிகளிலிருந்து விமானத்தில் வந்து, நீலாங்கரை தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, பொரிப்பகத்துக்குப் போகிறது. குஞ்சுக்கு முதல் இரையாகும் ஆர்டீமியா முட்டை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து டப்பாவில் வருகிறது. குஞ்சு குளத்தில் வளர்ந்து, உறைந்த பெட்டியாகி, மறுபடியும் அமெரிக்காவுக்கே போகிறது. நடுவில் நூறு நூற்றிருபது நாள் இங்கே தண்ணீரும் தீனியும் மின்சாரமும் உழைப்பும் ஊற்றப்படுகின்றன.

2024-25-இல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி ஏறத்தாழ 17 லட்சம் டன். மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால். மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தந்தது அமெரிக்கா என்னும் ஒரே வாடிக்கையாளர். அடுத்தது சீனா. ஒரே கிணற்றை நம்பி நாற்று விட்டவர் நிலை இது.

2025-இல் அந்தக் கிணறு வற்றும்போல் ஆயிற்று. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஏப்ரலில் 10 விழுக்காடு, ஆகஸ்டு 7-இல் 25 விழுக்காடு, ஆகஸ்டு 27-இல் 50 விழுக்காடு என்று கூடுதல் வரி விதித்தது. 2005 முதல் இருந்துவரும் குவிப்புத் தடுப்பு வரி இதற்கு மேல் தனி. ஏப்ரலில் குஞ்சு விட்டவர் ஆகஸ்டில் பிடிக்கும்போது, அவர் இறாலுக்கு இருந்த வரி ஐந்து மடங்கு. போட்டியாளரான ஈக்வடாருக்கு அதே ஆகஸ்டில் 15 விழுக்காடுதான். அது அமெரிக்காவுக்கு அருகிலும் இருக்கிறது. வளர்ந்த இறாலைக் குளத்திலேயே வைத்திருக்க முடியாது. தினமும் தீனி தின்னும். நோய் வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். எந்த விலை கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். இத்தகைய வரிகள் ஏறுவதும் இறங்குவதும் இனியும் நடக்கும். மல்லாட்டையை மூன்று மாதம் குதிரில் வைத்துப் பார்க்கலாம். இறால் வளர்ப்பவருக்கு அந்த அவகாசமும் கிடையாது.

பிற வாசல்களைத் திறப்பது ஒரு வழி. 2025 ஜூலை 24-இல் இங்கிலாந்துடன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்திய இறாலுக்கான வரியை நீக்க இடம் செய்யப்பட்டுள்ளது. ஆனால் ஐரோப்பிய வாசலில் வேறு காவல் உண்டு. வளர்ப்பு இறாலில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தின் எச்சம் காணப்பட்டதால், 2016 முதல் இந்தியப் பெட்டிகளில் பாதியை நிறுத்திச் சோதிக்கும் ஏற்பாட்டை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். குளத்தில் யாரோ ஒருவர் ஊற்றிய மருந்துக்கு எல்லோரும் துறைமுகத்தில் காத்திருக்கிறார்கள். கடலில் பிடிக்கும் இறாலுக்கும் இதே நிலை. ஆமை விலக்கும் கருவி இல்லாத இழுவலையில் பிடித்த இறாலை வாங்கக் கூடாது என்பது அமெரிக்காவின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அங்கே இடமில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள், அந்தச் சட்டத்தை வெறும் வாணிபத் தந்திரம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

அயல்நாட்டுக்கு விற்பதே எல்லாம் என்று ஓடியதன் மற்றொரு விலையும் இக்கரைக்குத் தெரியும். 1990-களில் இறால் குளங்களால் அக்கம்பக்கத்து நெல் வயலும் குடிநீர்க் கிணறும் உப்பேறின என்று தமிழகக் கடலோர மக்கள் போராடினர். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்யாத குளங்களுக்கு இன்று ஏற்றுமதியிலும் மதிப்புக் குறைவு. அக்கம்பக்கத்தாரிடமும் மதிப்பு இல்லை.

உள்நாட்டில் விற்பது பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. மாமல்லபுரத்து உணவகத்தில் ஒரு தட்டு இறாலின் விலையையும் குளத்தங்கரையில் ஒரு கிலோவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியும். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் உழவர் சந்தைகளுக்குப் பனிக்கட்டியிட்ட இறாலைக் கூட்டுறவு மூலம் கொண்டுபோனால், அமெரிக்காவின் இடத்தை அது நிரப்பாது. எனினும் வரி ஏறிய வாரத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் இருக்க ஓர் இடமாவது கிடைக்கும்.

மல்லாட்டைக்கும் அத்தகைய ஓர் இடம் வேண்டும். அது ஒழுங்குமுறை விற்பனைக்கூடமாகவே இருக்கலாம். வரும் ஐப்பசி அறுவடைக்கு முன், மாவட்டத்தின் ஒவ்வொரு விற்பனைக்கூடத்திலும் ஓர் ஈரமானியும், தார்ப்பாய்களும், மழைக்குக் கூரையிட்ட உலர்களமும், அப்ளாடாக்சினை விரைவாகச் சோதிக்கும் பட்டைகளும் இருக்க வேண்டும். எட்டு விழுக்காட்டுக்குக் கீழ் ஈரமும் நச்சற்ற பருப்பும் உள்ள மூட்டைக்குத் தனிச் சீட்டும் தனி ஏலமும் நடத்தினால், நன்றாகக் காய வைத்தவருக்கு அதற்கான விலை கிடைக்கும். காய வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே விலை என்கிற வரையில் யாரும் நான்கு நாள் வெயிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.